மரியாதை வேகம்

இருதயராஜ் ஆக்சிலரேட்டரைத் தரையோடு சேர்த்து மிதித்தான். வண்டி கண்டுகொள்ளவில்லை. முள் முப்பதில் போய் நின்றது. அதற்கு மேல் ஒரு நூல் நகரவில்லை.

"வேகமா போங்கண்ணே!" பின்னாலிருந்து கஸ்தூரி கத்தினாள்.

"போகாதும்மா! சவ வண்டிக்கு முப்பதுதான். மரியாதை வேகமாம், மண்ணாங்கட்டி!"

அது புன்னைத்துறை மாநகராட்சியின் அமரர் ஊர்தி. வெள்ளை நிறம், இரண்டு பக்கமும் தாமரைப் படம். இறந்தவர்களைக் குலுக்காமல், அவசரப்படுத்தாமல் கொண்டு போக வேண்டும் என்று மக்கள் கேட்டிருந்தார்கள். 'செவி' அதைக் குறித்துக்கொண்டது. செவி என்பது நகரத்தின் இயந்திர மூளை. தண்ணீர் வரவில்லை, குப்பை எடுக்கவில்லை, ஆம்புலன்ஸ் வேண்டும், ஆள் இறந்துவிட்டார், எதற்குப் போன் செய்தாலும் முதலில் எடுப்பது அதுதான். இந்த வண்டியின் வேகமும் தடமும் அதன் கையில். இருதயராஜுக்கு மிச்சம் இருந்தது ஸ்டியரிங், பிரேக், ஹாரன்.

ஹாரனை அழுத்தினான். சங்கு ஊதியது.

முன்னால் போய்க்கொண்டிருந்த மோட்டார் சைக்கிள்காரர் சங்கைக் கேட்டதும் நடு ரோட்டிலேயே நிறுத்தினார். ஹெல்மெட்டைக் கழற்றினார். திரும்பி நின்று கும்பிட்டார்.

"யோவ், ஓரம் போய்யா! உசுரு இருக்குய்யா!"

அவர் கண்களை மூடி இன்னும் ஆழமாகக் கும்பிட்டார். வளைத்துத் திருப்பி அவரைத் தாண்டுவதற்குள் இருதயராஜுக்கு வியர்த்துவிட்டது.

பின்னால், எஃகுத் தட்டின் மேல் அன்னக்கொடி கிடந்தாள். ஐம்பத்தெட்டு வயது. நெற்றியில் ஒட்டியிருந்த ஒற்றை ரூபாயைப் பக்கத்து வீட்டுக் கஸ்தூரி எடுத்துத் தூரப் போட்டிருந்தாள். கவுன்சிலர் அனுப்பிய ரோஜா மாலை காலடியில் கசங்கிக் கிடந்தது. கொஞ்ச நேரத்துக்கு முன் இதே தட்டில் வைத்து அவளுடைய கால் கட்டைவிரல்கள் இரண்டையும் சேர்த்துத் துணியால் கட்டினான் இருதயராஜ். இந்த வேலையில் எத்தனையோ கால்களைக் கட்டியிருக்கிறான். எந்தக் காலும் அவன் கையிலிருந்து உருவிக்கொண்டதில்லை.

இது உருவிக்கொண்டது. இடது கால்.

அவன் வாய் பிளந்து பார்த்தான். அவளும் அவனைப் பார்த்தாள்.

இப்போது வண்டி உப்புக் கிடங்கு நாற்சந்தியை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. அங்கே வலது பக்கம் திரும்பினால் மயானம். இடது பக்கம் பெரியாஸ்பத்திரி. இடது பக்கம் திருப்பினால் தடம் மாறிவிட்டதென்று வண்டி தானாக நின்றுவிடும். பெட்ரோல் போடப் போனபோது ஒரு முறை நின்றிருக்கிறது.

கட்டுப்பாட்டு அறைக்குப் போன் போட்டான்.

* * *

பர்வீன் பானு டீயை வாயருகே கொண்டு போனபோது அழைப்பு வந்தது. மாநகராட்சிக் கட்டுப்பாட்டு அறையில் அவள் மனித ஒப்புதல் அலுவலர். அவள் தலைக்கு மேலே சுவரில் பெரிய எழுத்தில் எழுதியிருந்தது: 'செவி முடிவு சொல்லும். மனிதர் சம்மதம் சொல்வார்.' இந்த வாசகத்துக்காகவே நகரத்துக்கு விருதெல்லாம் கிடைத்திருந்தது.

"மேடம், அமரர் ஊர்தி டிரைவர் இருதயராஜ் பேசறேன். ஏத்தின பாடி உயிரோட இருக்கு!"

டீ கீழே இறங்கியது. "என்னண்ணே சொல்றீங்க?"

"மூச்சு வருது மேடம். முழிச்சுப் பாக்குது. வாய் ஒரு பக்கமா கோணிக்கிடக்கு. பேச்சு வரல."

"ஆம்புலன்ஸ் கூப்பிட்டீங்களா?"

"கூப்பிட்டேனே. 'உங்கள் துயரத்தில் மாநகரம் பங்கு கொள்கிறது'ன்னு சொல்லிட்டு வச்சுடுச்சு."

பர்வீன் திரையில் தேடினாள். அன்னக்கொடி, கணவர் இல்லை, பிள்ளைகள் இல்லை, வாரியக் குடியிருப்பு. நிலை: மறைவு. அதன் பக்கத்தில் வரிசையாகப் பச்சைக் குறிகள். ரேஷன் அட்டையில் பெயர் நீக்கியாகிவிட்டது. விதவை உதவித்தொகை நின்றுவிட்டது. அக்கம்பக்கத்தாருக்கும் கவுன்சிலருக்கும் இரங்கல் செய்தி போய்விட்டது. மயானத்தில் இடம் தயார். செவி எதையும் மறக்காது.

செத்தவரைத் திருப்பிக் கொண்டு வர மட்டும் அந்தத் திரையில் பொத்தான் இல்லை. அப்படி ஒன்று தேவைப்படும் என்று யாருக்கும் தோன்றியிருக்கவில்லை.

"எந்தப் பாவி மேடம் இதுக்கு ஓகே குடுத்தது? மெஷின் சொன்னாலும் மனுஷன் ஒருத்தன் காதால கேட்டுட்டுத்தானே ஓகே குடுக்கணும்?"

"அதை அப்புறம் பாக்கலாம்ணே. நாற்சந்திக்கு எவ்வளவு தூரம்?"

"கண்ணுக்குத் தெரியுது மேடம்."

கண்காணிப்பாளர் தணிகாசலம் எழுந்து வந்து அவள் தோளுக்குப் பின்னால் நின்றார். ஓய்வு பெற இரண்டு மாதம் இருக்கிற மனிதர். "பிழை அறிக்கை அனுப்பும்மா. ஒரு மணி நேரத்துல செவி பரிசீலிச்சுடும்."

"ஒரு மணி நேரத்துல நிஜமாவே செத்துடுவாங்க சார். என்ன சார் விதி இது? அழுகை கேட்டா ஆள் செத்தாச்சுன்னு எழுதிக்கறது?"

"ஜனங்க கேட்ட விதிம்மா. என் தம்பி செத்தப்போ நடந்ததைச் சொல்லவா? ஆம்புலன்ஸ் நம்பர்தான் எல்லாருக்கும் மனப்பாடம். அவன் பொண்டாட்டி அதுக்குத்தான் போட்டா. அவங்க அவளை விடல. நெஞ்சை அழுத்து, எண்ணு, இன்னும் அழுத்துன்னாங்க. விறைச்சுப் போன உடம்பும்மா அது. இன்னிக்கும் அவளுக்குக் கை நடுங்குது. கருத்துக் கேட்புக் கூட்டத்துல ஒவ்வொருத்தரா எழுந்து இதே மாதிரி கதைதான் சொன்னாங்க. வாயால சொல்ல வைக்காதீங்க, அழறதைக் கேட்டே புரிஞ்சுக்குங்கன்னாங்க. இரக்கப்பட்டுச் செஞ்சதும்மா."

பர்வீனின் கண் திரையின் வேறொரு மூலைக்குப் போயிருந்தது. புதிய நோயாளி பதிவு.

"அண்ணே," என்றாள், "உங்களுக்கு நெஞ்சு வலிக்குது."

"எனக்கா? இல்லையே மேடம்."

"வலிக்குதுண்ணே. செத்துப்போனவங்களைப் பிழைக்க வைக்க எனக்கு அதிகாரம் இல்ல. உயிரோட இருக்கிறவரை நோயாளியாக்க இருக்கு. வண்டிக்குள்ள நோயாளி இருக்கார்னு நம்பினா செவி வண்டியை விட்டுடும். லைனை அதுக்கு மாத்தறேன். நல்லாத் திணறுங்க."

"பேரு இருதயராஜ், சீக்கு ஹார்ட் அட்டாக்கு. என் வூட்டுக்காரியே நம்ப மாட்டா மேடம்."

"பர்வீன்!" தணிகாசலம் குரலைத் தாழ்த்தினார். "பொய்ப் பதிவு. உன் பேர் அதுல விழும். வேலை போயிடும்."

"போகட்டும் சார்." மைக்கை இன்னும் கிட்டே இழுத்தாள். "அண்ணே, பின்னாடி ஒரு அக்கா அழற சத்தம் கேக்குது, அவங்க அழக் கூடாது. ஒரு விசும்பல் கேட்டாக்கூடத் துக்கம்னு எழுதிக்கும். ஒப்பாரின்னா கேக்கவே வேணாம். அதுக்குன்னே பழக்கியிருக்காங்க."

"எனக்குத் தெரியாதா?" கஸ்தூரியின் குரல் உடைந்து வந்தது. "பழக்குனதே இந்த அக்காதானே! எங்க பக்கம் எந்தச் சாவுக்கும் இதோட பாட்டுதான். போன வருஷம் கார்ப்பரேஷன் காரு வந்து கூட்டிட்டுப் போயி, கண்ணாடி ரூமுல உக்கார வச்சு நாள் பூராப் பாட விட்டாங்க. துண்டு போத்தி அனுப்பினாங்க..."

"அக்கா, இனிமே சத்தம் வேணாம். மாத்தறேன்."

* * *

"வணக்கம். செவி கேட்கிறது. என்ன உதவி வேண்டும்?"

அம்மா மாதிரியான குரல். பதறாத குரல். இருதயராஜ் ஸ்டியரிங்கைக் கட்டிப்பிடித்துக்கொண்டான்.

"நெஞ்சு... ஐயோ... நெஞ்சு வலிக்குதே..."

கூத்து மேடையில் அம்பு பட்ட அரக்கன் இதைவிட நன்றாகச் சாவான். பர்வீன் நெற்றியில் கை வைத்துக்கொண்டாள்.

"கவலைப்படாதீர்கள். வலி இடது தோளுக்குப் பரவுகிறதா?"

"பரவுது... எல்லாப் பக்கமும் பரவுது..."

"உங்கள் அருகில் யாராவது இருக்கிறார்களா?"

கஸ்தூரி முந்தானையை வாய்க்குள் திணித்துக்கொண்டிருந்தாள். அந்த நேரம் பார்த்து அன்னக்கொடியின் இடது கை அவள் மணிக்கட்டைப் பற்றியது. திணித்த துணியையும் மீறி ஒரு கேவல் வெளியே வந்துவிட்டது.

பர்வீனின் திரையில் இரண்டு கோடுகள். 'நோய்' என்ற கோடு இறங்கியது. 'துயரம்' என்ற கோடு எழும்பியது.

நாற்சந்தி வந்துவிட்டது.

பர்வீனால் பேச முடியாது. பேசினால் செவி கேட்டுவிடும். பற்களைக் கடித்துக்கொண்டு கோடுகளையே பார்த்தாள்.

"யோவ்!" ஸ்பீக்கர் அதிர்ந்தது. கஸ்தூரிதான். "நேத்தே சொன்னனா இல்லியா? பீடியை விடு, பீடியை விடுன்னு நாய் மாதிரி கத்தினேனே, கேட்டியாய்யா? எவனோ வாங்கிக் குடுத்தா எருமை மாட்டுக் கறியை ராத்திரி பத்து மணிக்குத் தின்னுட்டு வந்து இப்ப நெஞ்சைப் பிடிச்சா? உனக்கு வாக்கப்பட்டதுக்கு நான் கடல்ல விழுந்திருக்கலாம்!"

இருதயராஜ் உண்மையாகவே திணறிப் போனான்.

துயரக் கோடு படுத்துவிட்டது. இப்படித் திட்டு வாங்குகிற ஆள் உயிரோடுதான் இருப்பான் என்பது செவிக்குத் தெரிந்திருந்தது.

"அவசர நோயாளி. மனித ஒப்புதல் தேவை," என்றது செவி.

பர்வீன் அழுத்தினாள். வேலை போகிற பொத்தானை அவ்வளவு வேகமாக யாரும் அழுத்தியிருக்க மாட்டார்கள்.

வண்டி உறுமியது. முள் நாற்பது, அறுபது, எழுபது. சங்கு நின்று சைரன் அலறியது. உப்புக் கிடங்கு சிக்னல் பச்சையானது. அதற்கு அடுத்ததும், அதற்கடுத்ததும். இருதயராஜ் இடது பக்கம் ஒடித்தான்.

"தப்பா நினைச்சுக்காதீங்கண்ணே," என்றாள் கஸ்தூரி பின்னாலிருந்து.

"இல்லம்மா. எங்க வூட்டுல இருந்தே யாரோ பேசின மாதிரி இருந்துச்சு."

* * *

அவசர சிகிச்சை வாசலில் நான்கு பேர் ஸ்ட்ரெச்சரோடு தயாராக நின்றார்கள். வண்டி நின்றதும் இருதயராஜை இறக்கிப் படுக்க வைத்துச் சட்டையைக் கிழித்தார்கள்.

"நான் இல்லய்யா! பின்னாடி! பின்னாடி பாருங்கய்யா!"

"பேசாதீங்க, ஹார்ட்டுக்கு ஆகாது," என்றான் ஒருவன். இன்னொருவன் பின்கதவைத் திறந்து பார்த்துவிட்டு, அங்கேயிருந்தே டாக்டரைக் கூப்பிட்டான். அவன் கூப்பிட்ட விதத்திலேயே மற்றவர்கள் இருதயராஜை விட்டுவிட்டார்கள்.

டாக்டர் நிரஞ்சனா, முப்பது வயது இருக்கும், ஸ்கேன் அறையிலிருந்து வேகமாக வெளியே வந்தாள்.

"பக்கவாதம். மூளையில ரத்தக்குழாய் அடைச்சிருக்கு. வலது பக்கம் விழுந்துடுச்சு, பேச்சும் போயிடுச்சு. அடைப்பைக் கரைக்க ஊசி இருக்கு. ஆனா அடைப்பு வந்து நாலரை மணி நேரத்துக்குள்ள போடணும். தாண்டிப் போட்டா ஊசியே ஆளைக் கொன்னுடும். சொல்லுங்க, எப்ப விழுந்தாங்க?"

கஸ்தூரி விழித்தாள். "தெரியலையேம்மா. ராத்திரி நல்லாத்தான் பேசிட்டு இருந்துச்சு."

"ராத்திரியா? கடைசியா நல்லா இருந்ததை யார் பாத்தாங்களோ, அப்பலேர்ந்துதான் எனக்குக் கணக்கு. அப்படிப் பாத்தா ஊசி கிடையாது."

"போடாட்டி?"

"உயிர் இருக்கலாம். பேச்சு, கை, கால் எதுவும் திரும்பாது." டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தாள். "ஆம்புலன்ஸ் நம்பருக்குப் போன் பண்ணது யாரு? அவங்களுக்குத் தெரியுமில்ல?"

"நாங்க யாரும் பண்ணல. கவுன்சிலர் ஆள் மாலையோட வந்து கேட்டப்புறம்தான் எங்களுக்கே தெரியும். கதவு திறந்து கிடந்துச்சு. கூப்பிட்டேன், அசையல. கார்ப்பரேஷனே மாலை அனுப்பிடுச்சு, அதுக்கு மேல சந்தேகப்பட நான் யாரும்மா?" கஸ்தூரி முகத்தை மூடிக்கொண்டாள். "நான்தான் நெத்தியில காசு வச்சேன்."

"வீட்டுல வேற யாரு இருக்கா?"

"யாருமில்ல. ஒண்டிக்கட்டை."

இருதயராஜ் கிழிந்த சட்டையோடு பக்கத்தில் நின்றிருந்தான். மெதுவாகக் கேட்டான்: "அப்ப ஒப்பாரி வச்சது யாரு?"

* * *

"காலையில வந்த அந்தப் போனைப் போட்டுக் காட்டுங்க மேடம்," என்றான் போனில். "யாரோ கூப்பிட்டிருக்காங்க. எப்ப விழுந்துச்சுன்னு அவங்களுக்குத்தான் தெரியும். டாக்டரம்மா ஊசியை வச்சுக்கிட்டு நிக்கறாங்க."

பர்வீன் அழைப்புப் பதிவைத் திறந்தாள். காலை ஆறு மணி தாண்டிக் கொஞ்ச நேரத்தில் வந்த அழைப்பு. செவியின் சுருக்கம் ஒரே வரி: 'பெண் குரல், ஒப்பாரி, மறைவு உறுதி.' அதற்குக் கீழே இன்னொரு வரி.

'முழுவதும் கேட்கப்பட்டது. ஒப்புதல்: பர்வீன் பானு.'

தணிகாசலமும் அதைப் படித்தார். தன் நாற்காலிக்குப் போய் உட்கார்ந்தார்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவள் ஒவ்வொன்றையும் கேட்டாள். யார் யாருடைய வீட்டு அழுகையோ காதுக்குள் இருந்தது, சோறு இறங்கவில்லை. செவி ஒரு தடவைகூடத் தவறாகச் சொல்லவும் இல்லை. பிறகு பாதி கேட்டாள். பிறகு முதல் சத்தம் வரை. பிறகு 'கேட்டேன்' என்ற கட்டத்தில் குறி போட மட்டும் பழகிக்கொண்டாள். இன்று காலை அந்த வரிசையில் இதுவும் ஒன்று. முகம்கூட நினைவில்லை, முகம் இருந்ததே இல்லை.

"மேடம்? இருக்கீங்களா?"

"அண்ணே, நீங்க கேட்டீங்களே, எந்தப் பாவி ஓகே குடுத்ததுன்னு..."

பதிவை ஓட விட்டாள். ஆஸ்பத்திரி வராந்தாவிலும் அது கேட்டது.

முதலில் மூச்சு. தரையில் எதுவோ உரசுகிற சத்தம். 'வணக்கம். செவி கேட்கிறது. என்ன உதவி வேண்டும்?' பதிலுக்கு 'ப... ப... ப...' என்று வார்த்தையாகாத ஒரு திணறல். மறுபடியும் அதே திணறல். பிறகு ஒரு நீண்ட இழுப்பு. அந்த இழுப்பிலிருந்து பாட்டு பிறந்தது.

"விடியக்காலத் தண்ணி வண்டி
வீதியில வந்து நிக்க
குடமெடுத்த வலது கையி
கோணிக்கிட்டு விழுந்ததம்மா..."

"அக்கா!" கஸ்தூரி சுவரைப் பிடித்துக்கொண்டாள். "இது அன்னக்கொடி அக்கா குரலு!"

டாக்டர் நிரஞ்சனா போனைப் பிடுங்கினாள். "பேச்சு போனாலும் சிலருக்குப் பாட்டு போகாது. அது மூளையில இன்னொரு பக்கம். அந்தத் தெருவுக்கு இன்னிக்குத் தண்ணி லாரி எப்ப வந்துச்சு? சீக்கிரம்!"

பர்வீன் தண்ணீர் லாரிப் பதிவைத் தேடி எடுத்தாள். "ஆறு மணிக்குக் கொஞ்சம் முன்னாடி."

வராந்தாக் கடிகாரத்தில் பத்தாகிக்கொண்டிருந்தது.

"இருக்கு. கொஞ்சம்தான் இருக்கு. ஆறரைக்கே கூட்டிட்டு வந்திருந்தா எழுந்து நடந்திருப்பாங்க, இப்ப என்னால எதுவும் சொல்ல முடியாது. சிஸ்டர், ஊசி!" போனை இருதயராஜ் கையில் திணித்துவிட்டு டாக்டர் உள்ளே ஓடினாள்.

யாரும் நிறுத்தாததால் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது.

"வாய் தொறந்து பேசப் போனா
வார்த்தையொண்ணும் வரலையம்மா
பாட்டெடுத்தா வருகுதம்மா
பாடித்தானே கூப்பிடுறேன்..."

'உங்கள் துயரம் புரிகிறது,' என்றது செவி, அவள் குரலில் படித்த பாடத்தை ஒன்று விடாமல் நினைவில் வைத்துக்கொண்டு. 'நீங்கள் எதுவும் சொல்ல வேண்டியதில்லை.'

"சாகலையே நான் இன்னும்
சங்கு எதும் ஊத வேணாம்
உசுரோட கிடக்கேனம்மா
ஒரு வண்டி அனுப்புங்கம்மா..."

'அமரர் ஊர்தி புறப்பட ஏற்பாடாகிறது. ஒரு நிமிடம். மனித அலுவலரான பெண்மணி ஒருவர் உங்கள் அழைப்பை இப்போது முழுவதும் கேட்டுக்கொண்டிருக்கிறார்.'

பாட்டு சட்டென்று நின்றது. மூச்சு மட்டும் கேட்டது. பிறகு, கடைசித் தெம்பையெல்லாம் திரட்டிக்கொண்டு, முன்பைவிட உரக்க, நம்பிக்கையோடு அவள் பாடினாள்.

"மனுசி ஒருத்தி கேக்குறியாமே
மகராசி நீ இருக்கியாமே
ஒரு வார்த்தை பேசு தாயி
ஒரே வார்த்தை பேசு தாயி..."

அதற்குப் பிறகு பதிவில் ஒரு சின்ன 'டிக்' சத்தம் கேட்டது. பர்வீன் பானு குறி போட்ட சத்தம்.